தலையாட்டியும் நாக்குமீனும்

கொம்பியூட்டரில் பிழை பிடித்த சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு விட்டில் பூச்சியில்தான் பிள்ளையார் சுழி போடுவார்கள். நானும் போட்டுவிடுகிறேன். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்கிற இராட்சதக் கணிப்பு இயந்திரம் குழப்படி செய்தது. திறந்து பார்த்தால் எஃப் பலகையில் 70ஆம் நம்பர் ரிலேக்குள் ஒரு விட்டில் நசிந்து கிடக்கிறது. பின்னேரம் 3.45க்கு அதைப் பதிவுப் புத்தகத்தில் ரேப் போட்டு ஒட்டி, பிழையைப் ‘பூச்சி’ என்றே சொல்லிப் பழகியவர்கள் ஆனதால், மெய்யாகவே பூச்சி பிடிபட்டது இதுதான் முதல் தடவை என்று பகிடியாகக் குறிப்பும் எழுதினார்கள். அந்தப் பக்கம், பூச்சியும் ரேப்புமாக, இன்றைக்கும் ஸ்மித்சோனியன் நூதனசாலையின் சொத்து. கதையை உலகமெல்லாம் பரப்பிய கிரேஸ் ஹொப்பர் அம்மையாரின் தலையில் பூச்சியைப் பிடித்த புகழையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பிடித்தது அவரில்லை.

வன்னியில் எங்கள் ஊரான விசுவமடுவில் இதைச் சொன்னால் ஒருவரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். போர் நடந்த தொண்ணூறுகளில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. ஒரு மாரி இரவில் அந்தப் போத்தலுக்குள் விழுந்து செத்த விட்டில்களைக் கொப்பியில் ஒட்டி அனுப்பியிருந்தால் ஸ்மித்சோனியனுக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்டவேண்டி வந்திருக்கும்.

ஹார்வர்ட் விட்டிலைத் தேடி எடுத்தது மனிசர். தேடுகிற அந்த வேலையையும் இயந்திரத்தின் தலையிலேயே கட்டிவிட்டால் என்ன என்ற சோம்பேறித்தனமான, ஆகவே மகத்தான யோசனைதான் பிறகு வந்த எழுபது வருஷச் சரித்திரம். அந்த யோசனை எப்படியும் தோன்றியே இருக்கும். 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதற்காக மொரிஸ் வில்க்ஸ் எழுதிய ஆரம்பகால புரோகிராம் ஒன்றில் வரிகள் 126, பிழைகள் ஏறக்குறைய 20. ஆறு வரிக்கு ஒரு பிழை. மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த ஒரு நேரம், தன்னுடைய மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி தான் விட்ட பிழைகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்ற ஞானம் அவருக்குப் பிறந்ததாம். தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். புத்தருக்கு அரச மரம், வில்க்ஸுக்கு மாடிப்படி. மனுசன் 2010இல், 97 வயதில்தான் கண்ணை மூடினார். மிச்ச வாழ்நாள் என்று அவர் பயந்தது 61 வருஷம்.

அடுத்த பெரிய அடி 1979இல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் வைசர் என்ற மாணவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்தார். புரோகிராம் ஆயிரம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரே ஓர் எண் பிழையாக வருகிறது. அந்த எண்ணைத் தொட்ட வரிகள் எவை, அந்த வரிகளுக்குப் பெறுமானம் கொடுத்த வரிகள் எவை என்று பின்பக்கமாக நடந்துபோனால் அதனோடு சம்பந்தப்பட்ட ஒரு துண்டு மட்டும் கையில் மிஞ்சும். மற்ற வரிகள் எல்லாம் நிரபராதிகள், விட்டுவிடலாம். பிழை தேடும் நல்ல புரோகிராமர்கள் தங்களை அறியாமலே மனதுக்குள் இப்படித்தான் வெட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் 1982இல் சோதனை வைத்துக் காட்டினார். பிற்காலத்தில் செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் பெரிய ஆளாகி, வேலை முடிந்த பிறகு ரொக் இசைக்குழு ஒன்றில் ட்ரம்ஸ் அடித்தார். 1993இல் இணையத்தில் முதல்முதல் நேரடிக் கச்சேரி செய்த குழு அதுதான். அது வேற கதை.

அதே 1979 யூலையில் கொழும்புப் பாராளுமன்றமும் சும்மா இருக்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. சந்தேகத்தின் பேரில் ஆளைப் பிடித்து, வழக்கில்லாமல் 18 மாதம் வரை வைத்திருக்கலாம் என்றது அன்றைய சட்டம். வைசர் சந்தேக வட்டத்தைச் சின்னதாக்கப் பாடுபட்டார். எங்களை ஆண்டவர்கள் அதைப் பெரிதாக்கப் பாடுபட்டார்கள். எவருடைய ஆராய்ச்சிக்குக் கூடிய நிதி ஒதுக்கப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று வந்த அந்தத் தற்காலிகச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். இந்த 1982இலும் ஒரு சோடிப் பொருத்தம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எஹுட் ஷபிரோ அதே வருஷம் இயந்திரத்துக்கு விசாரணை செய்யப் பழக்கினார். பிழை வந்ததும் இயந்திரம் புரோகிராமரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கும்: இந்தக் கூறுக்கு இன்னது கொடுத்தேன், இன்னது தந்தது, சரியா பிழையா? சரி என்றால் அந்தக் கூறு விடுதலை. பிழை என்றால் அது எந்த எந்தக் கூறுகளிடம் வேலை வாங்கியதோ அவற்றை ஒவ்வொன்றாக விசாரிக்கும். தான் வேலை வாங்கிய கூறுகள் எல்லாம் சரியாகச் செய்திருக்க, தான் மட்டும் பிழையான விடை தந்த கூறு அகப்பட்டால், அதுதான் கள்ளன். தர்க்கப்படி ஓட்டை இல்லாத முறை. ஒரே கரைச்சல், கேள்வி கேட்பது இயந்திரம், பதில் சொல்லிக் களைப்பது மனுசன். நூறாவது கேள்விக்கு எவனும் ‘ஓம், ஓம், எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவான். விசாரணை என்ற விசயத்தில் எங்களுக்கும் அனுபவம் உண்டு. அங்கே ஓம் என்று சொன்னால் தேத்தண்ணி கிடையாது.

1999இல் ஜேர்மன்காரர் அந்திரேயாஸ் செல்லர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஒரு புலம்பல்: நேற்று என் புரோகிராம் ஓடியது, இன்று ஓடவில்லை, ஏன்? அந்த வருஷம் வன்னிக்குள் வரும் ஏ9 வீதி போரால் மூடிக்கிடந்தது. கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட மோட்டார் சைக்கிள்களோடு சீவித்த வன்னியில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பொழுது விடிந்ததில்லை. எங்களுக்குக் கட்டுரை எழுதத் தோன்றவில்லை. மனுசனுக்குத் தோன்றியிருக்கிறது.

செல்லரின் உபத்திரவம் இது. பிழை தேட உதவும் ஜிடிபி என்ற கருவிக்கு மேலே அவரும் கூட்டாளிகளும் செய்த டிடிடி என்ற முகப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜிடிபி 4.16இல் இருந்து 4.17க்கு மாறியதும் டிடிடி படுத்துவிட்டது. இரண்டு பதிப்புக்கும் இடையில் மாறிய வரிகள் 1,78,000. எந்த மாற்றம் செய்த வேலை இது? மாற்றங்களைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் போட்டு ஓட்டிப் பார். பிழை வந்தால் கள்ளன் இந்தப் பாதியில். வராவிட்டால் மற்றப் பாதி. இரண்டிலும் தெளிவாகத் தெரியாவிட்டால் இன்னும் சின்னத் துண்டுகளாக்கு. இந்த அலுப்பை எல்லாம் இயந்திரமே தனியாக இருந்து செய்தது. கடைசியில் அகப்பட்டது என்ன தெரியுமா? உதவிக் குறிப்பு ஒன்றில் ‘ஆர்கியூமென்ட்ஸ்’ என்று இருந்த ஒரே ஒரு சொல்லை ‘ஆர்கியூமென்ட் லிஸ்ட்’ என்று ஆரோ அழகுபடுத்தியிருக்கிறார். அந்த வசனத்தை எழுத்தெழுத்தாக எதிர்பார்த்திருந்த டிடிடி, பழைய வசனம் வரவில்லை என்று கோபித்துக்கொண்டது. கலியாண அழைப்பிதழில் பேர் மாறி அடிபட்டதற்குச் சபையை விட்டு எழும்பிப்போகிற பெரியப்பாமார் இந்த உலகத்திலும் இருக்கிறார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏ9 திறந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிக்கொண்டு ஊர் வெளியே போய்வரத் தொடங்கியது. அதே வருஷம் அற்லான்ராவில், ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகத்தில், ஜேம்ஸ் ஜோன்ஸ், மேரி ஜீன் ஹரல்ட், ஜோன் ஸ்டாஸ்கோ என்ற மூவர் டரன்டுலா என்ற கருவியை வெளியிட்டார்கள். பெரிய மயிர்ச் சிலந்தியின் பெயர். பூச்சி பிடிக்கும் அல்லவா, அதனால். இந்த டரன்டுலாவைத்தான் நான் விசுவமடுச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சந்தித்தேன்.

அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். பக்கத்தில் அவனுடைய பெரியப்பா, பழைய மிளகாய்த் தோட்டக்காரர். சிறிமாவோ பிரதமராக இருந்த காலத்தில் வெளிநாட்டு மிளகாயை நிறுத்தியபோது விசுவமடு மண்ணில் காசு கண்ட தலைமுறை. திரையில் வரிவரியாகப் புரோகிராம். சில வரி சிவப்பு, சில மஞ்சள், சில பச்சை.

“என்னடா தம்பி, திருவிழாச் சோடனையோ?”

“இல்லைப் பெரியப்பா. சங்கக்கடைக்கு நிவாரணத் துண்டு அடிக்கிற புரோகிராம். பத்துக் குடும்ப அட்டை குடுத்துப் பாத்தன். எட்டு அட்டைக்கு ஓடுது. ரண்டுக்குச் செத்துப்போகுது. எந்த வரி பிழையெண்டு உது கணக்குப் பாத்துச் சொல்லும்.”

“எப்பிடிச் சொல்லும்?”

“செத்த நேரங்களிலை ஓடின வரி எல்லாம் சந்தேகம். நல்லா ஓடின நேரங்களிலையும் அந்த வரி நிண்டிருந்தால் சந்தேகம் குறையும். கூடச் சந்தேகமெண்டால் சிவப்பு.”

கிழவர் தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்தார். “அப்ப உது எங்கடை தலையாட்டியெல்லோ!”

வெளியூர் வாசகருக்காக: சுற்றிவளைப்பு நடந்தால் ஊரையே பள்ளிக்கூட வளவில் இறக்குவார்கள். ஜீப்புக்குள் ஒருவர் இருப்பார். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசை அவரைத் தாண்டிப் போகவேண்டும். அந்தச் சாக்கு ஆடினால் நீங்கள் ட்ரக்கில். ஏன் ஆடியது என்று சாக்கிடம் கேட்க முடியாது. சம்பவம் நடந்த இடத்தில் கண்டிருக்கலாம், கண்டது போல இருந்திருக்கலாம், அண்டைக்கு எத்தனை பேருக்கு ஆட்டவேண்டும் என்று அவருக்கே ஒரு கணக்கு இருந்திருக்கலாம்.

டரன்டுலாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், டரன்டுலா ஏன் தலையாட்டியது என்று கணக்குக் காட்டும். செத்த ஓட்டங்களில் எத்தனை பங்கில் அந்த வரி நின்றது என்று பார்க்கும். நல்ல ஓட்டங்களில் எத்தனை பங்கில் நின்றது என்றும் பார்க்கும். முதலாவதை, இரண்டின் கூட்டுத்தொகையால் பிரிக்கும். 1 வந்தால் முழுச் சந்தேகம், 0 வந்தால் பத்தினி.

பெடியன் மூன்று வரியைக் காட்டினான். அரிசி நிறையை அரைக் கிலோவுக்குச் சரிக்கட்டுகிற வரி, செத்த இரண்டிலும் நல்ல எட்டில் ஒன்றிலும் ஓடியிருந்தது. அதற்கு 0.89. விதவை அட்டைக்கு மேலதிகமாக மா கொடுக்கிற வரி, செத்த இரண்டில் ஒன்றில் மட்டும் ஓடியது. நல்ல அட்டை எட்டிலும் விதவை இல்லை. அதற்கு 1. இரத்தச் சிவப்பு. மூன்றாவது, பால்மாவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் பிரிக்கிற வரி. பத்திலும் ஓடியது. 0.5. மஞ்சள்.

“செத்த அட்டை ரண்டும் எப்பிடிக் குடும்பம்?” என்று கேட்டார் பெரியப்பா.

“ரண்டும் பிள்ளையில்லாதது.”

“பிள்ளை இல்லாத இடத்திலை பால்மாவைப் பிள்ளைக் கணக்காலை பிரிச்சால் எப்பிடியடா பிரியும்?”

பூச்சியத்தால் பிரித்தல். கள்ளன் எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவன், ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிடிபட்டது ஒரு விதவையின் மா. எங்கள் ஊரில் நடந்ததைத்தான் ஜோர்ஜியாவில் சூத்திரமாக எழுதியிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: ஆராய்ச்சியாளர்களும் இந்த அநியாயத்தைக் கண்டார்கள். டரன்டுலாவுக்கு அடுத்த வருஷமே, 2003இல், வேறொரு பாதையில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு வருகிறது. நிலம் அளக்கப் பழக்குவதற்காக 1794இல் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரி. அங்கே படித்த ஸ்ரீராம் ராஜாமணி, மைக்ரோசொப்டில் தொமஸ் போலுடன் சேர்ந்து ஸ்லாம் என்ற கருவியைக் கட்டியிருந்தார். விண்டோஸ் நீலத் திரை காட்டிப் பிராணனை விடுவதற்குப் பெருங்காரணம், பிரிண்டர், மவுஸ் போன்ற சாமான்களோடு வரும் ட்ரைவர் புரோகிராம்கள். ஸ்லாம் அவற்றை ஓட்டிப் பார்க்காமலே, எந்த வழியால் போனால் விதி முறியும் என்று தேடும். மயூர் நாயக்கும் சேர்ந்து எழுதிய 2003 கட்டுரை, பிழையான வழியைச் சரியான வழிகளோடு பொருத்திப் பார்த்தது. சரியான வழி எதுவும் கால் வைக்காமல், பிழையான வழியில் மட்டும் மிதிபட்ட இடம் எதுவோ அங்கே விரலை நீட்டியது. 2011இல் போலுக்கும் ராஜாமணிக்கும் ஸ்லாமுக்காகக் கணினிச் சரிபார்ப்புத் துறையின் காவ் விருது கிடைத்தது. நீலத் திரையைப் பார்த்துப் பார்த்து இயந்திரத்தின் முதுகில் தட்டிய எங்களுக்கு ஓர் ஆறுதல் பரிசும் இல்லை.

டரன்டுலாவின் சூத்திரத்தைத் திருத்த வந்தது மீன். மெய்யாகத்தான். 1957இல் அகிரா ஒச்சியாய் என்ற யப்பானியர் நாக்குமீன் இனங்களை ஆராய்ந்தார். முல்லைத்தீவுக் கடலிலும் வலையில் அகப்படுகிற அதே தட்டை மீன் குலம். எந்த இனம் எந்தக் கடற்பகுதியில் சேர்ந்து வாழ்கிறது என்று ஒப்பிட ஓர் எளிய கணக்கு பாவித்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2006இல், ஒல்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ருயி அப்ரெயுவும் கூட்டாளிகளும் சந்தேகக் கணக்குக்கு உகந்த சூத்திரம் தேடிப் பல துறைகளின் பரணைக் கிளறினார்கள். சுவிஸ் மலைச் செடிகளை எண்ணிய ஜக்கார்டின் 1901 சூத்திரமும் போட்டியில் இருந்தது. மீன் வென்றது. டரன்டுலாவை விட ஒச்சியாய் கள்ளனுக்குக் கிட்டப் போனது.

ஏன் என்று எங்கள் சங்கக்கடையில் பார்க்கலாம். ஒச்சியாய், செத்த ஓட்டங்களில் வரி எத்தனையில் நின்றது என்ற எண்ணை எடுக்கும். மொத்தச் செத்த ஓட்டங்களையும் அந்த வரி நின்ற மொத்த ஓட்டங்களையும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனால் பிரிக்கும். அரிசி வரிக்கு 0.82. விதவையின் மாவுக்கு 0.71. ஒரே ஒரு சம்பவத்தில் கண்டதை வைத்து உச்சச் சந்தேகம் போடாது. எல்லாச் சம்பவத்திலும் நின்று, மற்ற நேரங்களில் அதிகம் நில்லாதவனைத்தான் முதலில் கேட்கும். விதவைக்குப் பிணை கிடைத்துவிட்டது. பால்மா வரிக்கு? 0.45. அப்பவும் மூன்றாம் இடம். சூத்திரத்தை மாற்றியும், எல்லா ஓட்டத்திலும் நிற்கிறவனுக்கு நல்ல பெயர்தான்.

பட்டியல் கையில் கிடைத்தால் மனுசர் என்ன செய்வார்கள்? இதை ஒருவரும் சரியாகக் கேட்டுப் பார்க்காமலே கட்டுரைக்கு மேல் கட்டுரையாக எழுதிக் குவித்தார்கள். 2011இல் கிறிஸ் பார்னினும் அலெசாண்ட்ரோ ஓர்சோவும் கேட்டார்கள். அதுவும் டரன்டுலா பிறந்த அதே ஜோர்ஜியாவில், வீட்டுக்குள்ளேயே கோடரிக்காம்பு. புரோகிராமர்களிடம் சந்தேகப் பட்டியலைக் கொடுத்து, ஒரு டெட்ரிஸ் விளையாட்டிலும் அதைவிடச் சிக்கலான இன்னொரு புரோகிராமிலும் பிழை தேட விட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எல்லாம் மனுசன் பட்டியலை மேலிருந்து கீழே ஒழுங்காக வாசிப்பான் என்று நம்பியிருந்தன. மனுசன் ஒழுங்காக வாசிக்கவில்லை. இரண்டு மூன்றைப் பார்த்தான், அலுத்தான், தாவினான், தன் மனம் சொன்ன இடத்துக்குப் போனான். கள்ள வரியைப் பட்டியலில் மேலே ஏற்றி வைத்தும் பெரிய மாற்றம் இல்லை. வரியைக் கண்ணுக்கு முன்னால் காட்டினாலும், அது ஏன் பிழை என்று விளங்காமல் எவனும் கையெழுத்து வைக்க மாட்டான். புரோகிராமர்கள் இந்த ஒரு விசயத்தில் பொலிஸை விடத் திறம்.

தேடுவதில் வந்த இந்தச் சண்டை முடிவதற்கு முதலே இன்னொரு கூட்டம், தேடுவது என்ன, திருத்தியே விடுகிறோம் என்று கிளம்பிவிட்டது. ஜென்புரொக் என்ற கருவி சந்தேகமான வரிகளை அழித்து, இடம் மாற்றி, வேறிடத்து வரிகளைக் கொண்டுவந்து செருகி, எல்லாச் சோதனையிலும் சித்தியடையும் வரை தலைமுறை தலைமுறையாகப் புரோகிராமை இனப்பெருக்கம் செய்யும். 2012இல் கணக்குக் காட்டினார்கள்: 105 பிழைகளில் 55ஐத் திருத்தியாயிற்று, ஒன்றுக்குச் செலவு 8 டொலர். சந்தை விலைக்கு மலிவு. 2015இல் எம்ஐடியில் இருந்து மார்ட்டின் ரினார்டின் குழு வந்து அந்த 55ஐயும் பிரித்து மேய்ந்தது. மெய்யாகச் சரியாகத் திருத்தப்பட்டது 2. மிச்சத்தில் பெரும்பாலானவை, பிழை வந்த வேலையையே புரோகிராமில் இருந்து வெட்டி எறிந்திருந்தன. வேலையே இல்லாவிட்டால் பிழை எங்கே வரும்?

தேத்தண்ணிக் கடைப் பெடியனும் அந்த வகைக் கருவி ஒன்றை இறக்கி வைத்திருந்தான். அவனுடைய சோதனை பார்த்ததெல்லாம் துண்டு அடிபடுகிறதா என்பதை மட்டுமே. கருவியை ஓடவிட்டான். அடுத்த தேத்தண்ணி வருவதற்குள் பத்து அட்டையும் பச்சை.

“பாத்தீங்களோ பெரியப்பா, தானாத் திருத்திப்போட்டுது!”

கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்துத் துண்டையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அரிசி இருந்தது. மா இருந்தது. சீனி, பருப்பு இருந்தது. பால்மா ஒரு துண்டிலும் இல்லை. அந்த வரியையே கருவி அழித்துவிட்டிருந்தது.

“டேய் தம்பி,” என்றார், “பால்மா வரேல்லையெண்டு சொல்லுறதுக்கு உவ்வளவு படிப்பு ஏன்ரா? முந்திச் சங்கத்திலை அதுக்கு ஒரு கிளாக்கர் காணும்.”